அலீதா ஒளித்த உணரி

“ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வருவேன். இந்தச் சமையலறைல பதினெட்டு டிகிரி இல்லேன்னா நீ என்கூடக் கெளம்பற. பெட்டியக் கட்டி வச்சிரு. லோரிஸையும் கூட்டிட்டு வரேன். குழாய்த் தண்ணிய வடிச்சிட்டு வீட்டப் பூட்டிட்டுப் போயிடலாம்.”

ஒனோரியோவின் அக்காள் நீவெஸ் இதைச் சொன்னபோது அவள் வாயிலிருந்து ஆவி புறப்பட்டது. வீட்டுக்குள்ளே, எரிந்துகொண்டிருக்கும் அடுப்புக்கு நான்கு முழத் தொலைவில் நின்று பேசுகிற ஒருத்தியின் வாயிலிருந்து ஆவி புறப்படுமானால், அந்த வீட்டைப் பற்றி மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை என்பது அவள் கட்சி. கைப்பையிலிருந்து ஒரு வெப்பமானியை எடுத்துக் கதவோரத்து ஆணியில் மாட்டினாள். அது பதின்மூன்று காட்டிற்று.

“பாத்தியா?”

ஒனோரியோ பார்த்தார். கம்பளிச் சட்டைக்கு மேல் மரம் அறுக்கும் ஆலையில் அணிந்த பழைய கோட்டும், தலையில் குல்லாயுமாக அவர் மேசையருகே உட்கார்ந்திருந்தார்.

“ஏதாச்சும் சொல்லேன்டா!”

“பாத்தேன்.”

“அறுவத்திரண்டு வயசு. வாயில நாக்குன்னு ஒண்ணு இருக்கு. அத வச்சு இந்த வாரம் பூரா நீ பேசினது இந்த ஒரு வார்த்தைதான்னு நெனக்கறேன்.”

அவள் போகும்போது அடுப்பின் மேலிருந்த பொத்தானை அமுக்கி, இருபது என்றிருந்ததை இருபத்துநான்கு ஆக்கிவிட்டுப் போனாள். அதனால் யாதொரு மாற்றமும் உண்டாகவில்லை. கண்ணாடிக்குப் பின்னே மூன்று விரல் உயரச் சுடர், நோயாளியைப் போல, முன்பு எப்படிப் படுத்துக்கிடந்ததோ அப்படியே கிடந்தது.

அவர் மனைவி அலீதா செப்டம்பர் முதல் வாரத்தில் இறந்தாள். அன்றுமுதல் ஒனோரியோவுக்கு உடம்பின் மேல் இன்னொரு தோல் வளர்ந்துவிட்டாற்போல் இருந்தது. யார் தொட்டாலும், என்ன சொன்னாலும், அந்தத் தோலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. வலித்தது என்று சொல்வதற்கில்லை. வலித்திருந்தால் அவர் ஓரளவு நிம்மதியடைந்திருப்பார். நவம்பரில் கார்னியா மலைகளில் பனி இறங்கிச் சமையலறை குளிரத் தொடங்கியபோது, அந்தக் குளிரும் தம்மைச் சேர்ந்ததே என்று அவர் எடுத்துக்கொண்டார். அக்காள் வந்து ஆவியைக் காட்டிய பிறகுதான், குளிர்ந்திருப்பது தாம் மட்டுமல்லர், வீடுந்தான் என்பது தெரிந்தது.

ஒன்றே ஒன்றை மட்டும் அவர் ஐயமின்றி அறிந்திருந்தார். குளிர்காலத்தில் ஒரு வீட்டைப் பூட்டினால் குழாய்த் தண்ணீரை வடித்தாக வேண்டும்; இல்லாவிடில் சனவரியில் உள்ளே தண்ணீர் உறைந்து குழாய்கள் வெடிக்கும். அவருடைய ஊரான செல்வாராவில் இவ்வாறு ‘இந்த ஒரு குளிர்காலத்துக்கு மட்டும்’ என்று வடிக்கப்பட்ட வீடுகள் பதினொன்று. அவற்றுள் மறுபடி தண்ணீர் திறந்துவிடப்பட்டவை இரண்டே. தோல்மெட்ஸோ நகரில் அக்காளின் மூன்றாம் மாடி வீட்டுக்குப் போனால் தாம் திரும்பப் போவதில்லை என்பதை ஒனோரியோ, பிறிதொருவருடைய செய்தியை அறிவதுபோல் அறிந்திருந்தார். போக அவருக்கு விருப்பமில்லை. ஆனால் விருப்பமில்லை என்று வாயைத் திறந்து சொல்லுமளவுக்கு அந்த விருப்பமின்மையில் உயிர் இல்லை.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எர்மெஸ் வந்தான். அவன் அடுத்த பள்ளத்தாக்கைச் சேர்ந்த அடுப்புக்காரன். ஆண்டுக்கொரு முறை வந்து, மரத்தூளை அழுத்திச் செய்த குச்சிகளில் எரியும் பெல்லட் அடுப்பைப் பிரித்துச் சாம்பலை உறிஞ்சி, புகைக்குழாயைத் துடைத்துவிட்டுப் போவான். ஒரு கையில் உறிஞ்சும் இயந்திரமும் மறு கையில் கருவிப் பெட்டியுமாக வாசலில் நின்றுகொண்டு, குனிந்து பூட்சைக் கழற்றினான்.

“அண்ணி எங்கண்ணே? போன வருசம் எம்மாத்திரம் ஏசினாங்க! ஓட்ட சாக்ஸோட அடுத்த வீட்டுக்குப் போறியே, கல்யாணம் ஆனவனா நீன்னு கேட்டாங்க. இந்தத் தடவ பாருங்க.” ஒரு காலைத் தூக்கிக் காட்டினான். “புத்தம் புதுசு. அவங்களுக்குன்னே வாங்கினது.”

ஒனோரியோ மோவாயினால் சுவர்ப்பக்கம் காட்டினார்.

அங்கே, அடுப்புக்கு நேரெதிரே, மரப்பலகை வேய்ந்த உட்சுவரில் நெஞ்சுயரத்தில் ஒரு தட்டு இருந்தது. தட்டின் மேல் சட்டமிட்ட சிறு புகைப்படம். அதன் பக்கத்தில் சிவப்புக் கோப்பையில் மெழுகு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கல்லறைகளில் வைக்கிற விளக்கு அது. ஒன்று அணையுமுன் அடுத்ததைப் பற்றவைத்து, அடக்கம் நடந்த நாளிலிருந்து ஒனோரியோ அதை அணையவிடவில்லை. காலையில் எழுந்ததும் அவர் செய்கிற வேலையும், பகலில் அவர் நினைவுடன் செய்கிற ஒரே வேலையும் அதுதான்.

எர்மெஸ் தூக்கிய காலை மெல்லத் தரையில் வைத்தான்.

“எப்போ?”

“செப்டம்பர்.”

“சூலையில எனக்குப் போன் பண்ணினாங்களே. நவம்பர் கடைசி வியாழக்கெழம ஒம்பது மணி, மறந்துட்டேன்னு வந்து நிக்காதேன்னாங்க.”

“மறக்காம வந்துட்டீங்க” என்றார் ஒனோரியோ.

 கோட்டைக் கழற்றப் போன எர்மெஸ், அறையின் குளிர் முகத்தில் பட்டதும் மறுபடி பொத்தானைப் போட்டுக்கொண்டான்.

“அண்ணே, அடுப்பு எரியுதா, சும்மா படமா?”

“எரியுது.”

“எரியற வீடு மாதிரி இல்லியே. சரி, பாத்துருவோம்.”

அடுப்பை அணைத்து, ஆறவிட்டு, கதவைத் திறந்தான். எரிகிண்ணத்தை வெளியே எடுத்துக் கம்பியால் சுரண்டினான். சாம்பலை உறிஞ்சினான். கண்ணாடியைத் துடைத்தான். காற்று உள்ளே வருகிற வழியையும் புகை வெளியே போகிற வழியையும் விரல் விட்டுப் பார்த்தான். எங்கும் ஒரு குறையும் இல்லை. பெல்லட்டுகளில் ஒரு கைப்பிடியை அள்ளி முகர்ந்து, ஒன்றை ஒடித்து, நல்ல ஊசியிலை மரத்தூள்தான் என்று அவற்றுக்கும் சான்று கூறினான். முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் ஒனோரியோ மேசையருகே, பேருந்துக்குக் காத்திருப்பவர் போல் உட்கார்ந்திருந்தார்.

மறுபடி பற்றவைத்தபோது சுடர் ஒரு முழம் எழுந்தது. எர்மெஸ் மகிழ்ந்து கைகளைத் தேய்த்துக்கொண்டான். நான்கைந்து நிமிடங்களில் சுடர் தணிந்தது. முன்போலவே மூன்று விரல் உயரத்துக்கு வந்து படுத்துக்கொண்டது.

“அட இவனே!” என்று அடுப்பைத் திட்டிய எர்மெஸ், முகப்பிலிருந்த ஒரு பொத்தானை நீண்ட நேரம் அமுக்கினான். எண்கள் மாறின. குனிந்து பார்த்தான். துடைத்துவிட்டுப் பார்த்தான்.

“இருவத்தெட்டு.”

“என்னது?”

“அறையோட சூடு இருவத்தெட்டு டிகிரின்னு ஒங்க அடுப்பு நெனச்சிட்டிருக்கு. நீங்க கேட்டது இருவத்துநாலு. வேணுங்கறதுக்கு மேலேயே இருக்கேன்னு அது அடக்கி வாசிக்குது.” கதவோரத்து வெப்பமானியைத் திரும்பிப் பார்த்தான். “இங்க நாம பதிமூணுல வெறைக்கறோம். அது லிஞ்ஞானோ கடற்கரைல ஆகஸ்டு மாசம் துண்ட விரிச்சுப் படுத்திருக்கு!”

ஒனோரியோவின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. நகைச்சுவை வீணானதைப் பற்றி எர்மெஸ் கவலைப்படவில்லை. அவனுக்கு இப்போது வேலை கிடைத்துவிட்டது.

“சென்சார் எங்கண்ணே?”

“என்ன சென்சார்?”

“கிழிஞ்சுது. அறை எவ்வளவு சூடா இருக்குன்னு அடுப்புக்குச் சொல்ற சாமான். மொளகு சைஸுல கறுப்பா ஒரு மணி, ஒரு ஒயரோட நுனில இருக்கும். மூணு வருசம் முந்தி அடுப்ப மாட்டினப்ப நான் பின்னாடி தொங்க விட்டுட்டுப் போனேன். நீங்க அப்ப ஆலைக்குப் போயிருந்தீங்க. ‘என் சமையலறைல எலிவால் தொங்கக் கூடாது’ன்னு அண்ணி சொன்னாங்க. அடுத்த வருசம் வந்து பாத்தா ஒயரக் காணல. எங்கே வச்சீங்கன்னு கேட்டேன். வீடு சூடா இருக்கா இல்லியான்னு கேட்டாங்க. இருக்குன்னேன். ‘அப்ப வாய மூடிட்டுக் காப்பியக் குடி’ன்னாங்க. ஒங்களுக்காச்சும் தெரியும்னு நெனச்சேன்.”

“தெரியாது.”

“புருசன்கிட்டயே சொல்லலியா!”

அலீதா சொல்லவில்லை. அந்த அடுப்பு முழுக்க முழுக்க அவளுடைய ஆட்சிக்கு உட்பட்டது. இருபது என்ற எண்ணும் அவள் வைத்ததே. மணமாகுமுன் மின்கருவித் தொழிற்சாலையில் கம்பி பற்றவைத்த கை அது. ஒரு கம்பியை இன்னொரு கம்பியோடு நீட்டி, கண்ணுக்குத் தெரியாமல் கொண்டுபோவது அவளுக்கு ஊசியில் நூல் கோப்பது போன்றதுதான். தாம் ஆலைக்குப் போயிருந்த ஏதோ ஒரு பகலில் அவள் தனியே அமர்ந்து அதைச் செய்திருக்கிறாள் என்பதை ஒனோரியோ நினைத்துப் பார்த்தார். நினைப்பு வந்தது. அதனோடு வர வேண்டிய வேறொன்றும் வரவில்லை.

எர்மெஸ் அடுப்பின் பின்புறம் விளக்கடித்தான். கம்பி அடுப்பிலிருந்து புறப்பட்டு, தரையோரத்துச் சட்டத்துக்குள் நுழைந்து, மறைந்துவிட்டது.

“பலகைக்குப் பின்னாடி எங்கயோ ஓடுது. இப்படிச் செய்யலாம்ணே: இந்த ஒயரக் கழட்டிடறேன். புதுசு ஒண்ணு வாங்கிப் பின்னாடியே தொங்க விட்டுடலாம். ஆர்டர் போட்டாப் புதன்கெழம வந்துரும்.”

“ஞாயித்துக்கெழம அக்கா வரா.”

“வரட்டுமே.”

“பதினெட்டு இல்லேன்னா வீட்டப் பூட்டிருவா.”

எர்மெஸ் அவரை ஏறிட்டுப் பார்த்தான். பூட்டுவது என்றால் இன்னதென்று அவனுக்கு விளக்க வேண்டியதில்லை. அடுப்பு துடைக்க அவன் போய்க்கொண்டிருந்த வீடுகளில் ஆண்டுக்கு நாலைந்து அவ்வாறுதான் அவன் பட்டியலிலிருந்து நீங்கின.

“தேடுங்க” என்றார் ஒனோரியோ.

தேடினார்கள். எர்மெஸ் சொன்னபடி ஒனோரியோ எழுந்துபோய் அடுப்பருகே நின்று, பொத்தானை அமுக்கியவாறு, எண்ணை உரக்கச் சொன்னார். எர்மெஸ் வாசலிலிருந்து ஒரு கரண்டி பனியை அள்ளி நெகிழிப்பையில் கட்டி, சுவரோரமாகக் கொண்டுபோனான். உணரி இருக்கிற இடத்தில் பனி பட்டால் எண் இறங்க வேண்டும். சன்னலோரம், பாத்திர அலமாரியின் பின்புறம், கடிகாரத்தின் அடி, கதவின் மேற்சட்டம் என்று ஓரிடமும் விடவில்லை.

“எவ்வளவு?”

“இருவத்தெட்டு.”

“இப்போ?”

“இருவத்தெட்டு.”

“பத்து எண்ணுங்க. இப்போ?”

“இருவத்தெட்டு.”

“அண்ணி, கொஞ்சம் எரக்கம் காட்டுங்க” என்று எர்மெஸ் புகைப்படத்தைப் பார்த்து முறையிட்டான். அந்தச் சுவரை அவன் கடைசிக்கென்று ஒதுக்கி வைத்திருந்தான்; இறந்தவள் முகத்துக்கு முன்னால் பனிப்பையை ஆட்டுவது அவனுக்குச் சரியென்று படவில்லை. வேறிடம் எஞ்சாதபோது, தட்டின் அருகே வந்து நின்று, “மன்னிச்சுக்கங்க” என்று முணுமுணுத்தான். தட்டுக்குப் பின்னே கைவிட்டுப் பார்க்க வேண்டும். சட்டை விளக்கில் பட்டுவிடக் கூடாதென்று, சிவப்புக் கோப்பையை இரு கைகளாலும் எடுத்து, மேசையின் மேல் வைத்தான்.

பிறகு பலகையைத் தட்டிப் பார்த்தான். குனிந்து தட்டின் அடியில் விளக்கடித்தான். ஓரிரு நிமிடங்கள் கழிந்தன.

“இருவத்தஞ்சு” என்றார் ஒனோரியோ.

“என்னது?”

“இருவத்துநாலு.”

“நான் இன்னும் பனியவே கொண்டுபோகலியே!”

“இருவத்திரண்டு.”

அடுப்புக்குள் ஏதோ சடசடத்தது. திருகுதண்டு சுழன்று பெல்லட்டுகளைக் கீழே தள்ளிற்று. சுடர் எழுந்து கண்ணாடி முழுவதும் பரவிற்று. வெப்பக்காற்று ஒனோரியோவின் முழங்காலில் அடித்தது. எர்மெஸ் மேசை மேலிருந்த விளக்கைப் பார்த்தான். வெறுமையான தட்டைப் பார்த்தான். பிறகு தட்டுக்கு மேலே, சுவரில் அடித்திருந்த பின்னல் துணியைப் பார்த்தான்.

அது அலீதா குரோஷா ஊசியால் பின்னியது; ஒரு சாண் அகலம். அதில் மலையில் பூக்கிற வெள்ளைப் பூக்கள் ஐந்து வரிசையாக இருந்தன. ஒவ்வொரு பூவின் நடுவிலும் மிளகளவு கறுப்பு மணி ஒன்று. மூன்று ஆண்டுகளாக ஒனோரியோ அதன் எதிரில் அமர்ந்துதான் உணவருந்தினார்.

“ஒவ்வொண்ணா விரல்ல பிடிக்கறேன். நம்பரச் சொல்லுங்க” என்றான் எர்மெஸ். இப்போது அவன் குரல் தணிந்திருந்தது.

முதற்பூ: பதினெட்டு. இரண்டாம் பூ: பதினேழு. மூன்றாம் பூ: பதினாறு. நான்காம் பூவை அவன் பிடித்ததும் எண் இறங்குவதை நிறுத்திற்று, நின்றது, பதினேழு, பத்தொன்பது, இருபத்திரண்டு என்று ஏறலாயிற்று.

“நாலும் கண்ணாடி மணி. இது ஒண்ணுதான் சென்சார்” என்றான் எர்மெஸ். “இது தெரியக் கூடாதுன்னு மத்த நாலையும் வாங்கிக் கோத்திருக்காங்க. யம்மா!” அவன் பூவை விட்டுவிட்டுச் சற்றுப் பின்வாங்கி அறையை நாற்புறமும் அளந்தான். “உள்சுவரு. வெயில் படாது. கதவுக் காத்து வராது. அடுப்போட காத்து முழங்கால் ஒசரத்துலயே போயிரும், இது மேல நேரா அடிக்காது. நெஞ்சுக்குக் கொஞ்சம் மேல. அண்ணே, இதவிட நல்ல எடம் இந்த அறைல கெடையாது. நான் எலிவால் மாதிரி பின்னாடி தொங்கவிட்டதுதான் தப்பு. கடைசில அண்ணிதான் ஜெயிச்சாங்க.”

“அப்ப ஏன் குளிருது?”

எர்மெஸ் தயங்கினான். மேசையிலிருந்த விளக்கை எடுத்து, அது முன்பிருந்த இடத்தில் ஒரு கணம் வைத்துக் காட்டினான். நான்காம் பூவுக்கு நேர் கீழே அது வந்தது. சிவப்புக் கோப்பையின் வாயிலிருந்து எழுந்த வெப்பத்தில் பூவின் இதழ்கள் மெல்ல அசைந்தன.

“படத்த இங்க வச்சப்ப விளக்க எங்க வைக்கறதுன்னு நீங்க என்ன யோசிச்சீங்களோ. இந்தப் பூவுக்கு நேர் கீழயா வச்சிருக்கீங்க.”

எண்பது நாள்களாக, மனைவிக்கென்று தாம் ஏற்றிய விளக்கு, அறை வெதுவெதுப்பாக இருக்கிறதென்று அவளுடைய உணரியிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தது என்பது ஒனோரியோவுக்கு விளங்கிற்று. அவர் அதைக் கேட்டுக்கொண்டார். அழுகை வருமோ என்று எர்மெஸ் அஞ்சி வேறுபக்கம் திரும்பிக்கொண்டான். அழுகை வரவில்லை.

“பேட்டரில எரியற விளக்கு இருக்குண்ணே. சூடு கெடையாது. அணையறதும் கெடையாது, ரெண்டு மாசம் கெடக்கும். வாங்கிட்டு வரட்டுமா?”

“வேண்டாம்.”

“ஏன்?”

“அதுக்கு நான் தேவையில்லியே.”

எர்மெஸ் பின்னலை நிமிர்ந்து பார்த்தான். “அப்ப சென்சார எடுத்து மேசைக்கிட்ட வைக்கட்டா? பின்னலக் கொஞ்சம் வெட்டணும்” என்றான்.

“தொடாதீங்க.”

அச்சொல் ஒனோரியோவின் வாயிலிருந்து வேகமாக வந்தது. வந்த வேகம் அவருக்கே புதிதாயிருந்தது. அவர் எழுந்து, புகைப்படத்தையும் விளக்கையும் இரு கைகளில் எடுத்து, சன்னலோரத்துப் பாத்திர அலமாரியின் மேல் கொண்டுபோய் வைத்தார். பூக்களுக்குக் கீழே தட்டு காலியாக நின்றது. எர்மெஸ் இருபத்துநான்கை மறுபடி இருபது ஆக்கினான். புறப்படும்போது வாசலில் நின்று பூட்சை மாட்டிக்கொண்டே, “அடுத்த வருசமும் நவம்பர் கடைசி வியாழன்தானேண்ணே?” என்று கேட்டான். 

வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் சமையலறை இருபதுக்கு வந்தது. அவர் குல்லாயைக் கழற்றினார். பிறகு கோட்டைக் கழற்றினார். வெதுவெதுப்பில் மரப்பலகைகள் விரிந்து நொறுநொறுத்தன. சன்னலில் கட்டியிருந்த ஈரம் வற்றிற்று. பாலாடைக்கட்டியையும் உருளைக்கிழங்கையும் வாணலியில் இட்டு வறுத்து, தட்டில் பாதியை உண்டார்.

குளிர் நீங்கினால் தமக்கு ஏதேனும் நேரும் என்று அவர் உள்ளூர எதிர்பார்த்திருந்தார் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. உறைந்த கை அடுப்பருகே வந்ததும் குத்துமே, அதுபோல் எதுவோ குத்தும் என்று காத்திருந்தார். வெள்ளி கழிந்தது, சனி கழிந்தது. ஒன்றும் குத்தவில்லை. கை கால்கள் இதமாயிருந்தன. மேலே வளர்ந்த அந்தத் தோல் மட்டும் இருந்தபடி இருந்தது. இனிக் குளிரின் மேல் பழிபோடவும் வழியில்லை. பெட்டியை அவர் கட்டவில்லை. அது தீர்மானமா, மறதியா என்று கேட்டிருந்தால் அவரால் சொல்லியிருக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை பத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே நீவெஸ் வந்தாள். அவள் மகன் லோரிஸ், குழாய் வேலை செய்பவன், சக்கரங்களில் பனிச்சங்கிலி மாட்டிய வண்டியிலேயே இருந்தான். நீவெஸ் நேரே கதவோரத்து ஆணியிடம் போனாள். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவைத்துப் பார்த்தாள்.

“இருபது.”

“ம்.”

“வெறகடுப்ப மூட்டி ஏமாத்தறியா?”

“வெறகடுப்பு ஏது இங்க?”

அவள் அடுப்பைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள், கோட்டைக் கழற்றவில்லை.

“சரி, இருபது. சந்தோசம். பெட்டி எங்க?”

“பதினெட்டு இருந்தா வேண்டாம்னு சொன்னே.”

“பேச்சுக்குச் சொன்னேன். நான் என்ன நீதிபதியா? டிகிரிக்காகவா நான் ஒறக்கமில்லாமக் கெடக்கறேன்? கல்லறைத் திருநாளன்னைக்கு ஊரே கல்லறையில நின்னுச்சு. ஒம் பொண்டாட்டி கல்லறையில நான் ஒருத்திதான் நின்னேன். எங்க அவன்னு ஒவ்வொருத்தியும் கேக்கறா. சளி பிடிச்சிருக்குன்னேன். மூணு மாசமாவா சளி பிடிக்கும்? போன் பண்ணினா எடுக்கறதில்ல. எடுத்தா மூச்சு விடற சத்தம் மட்டும் கேக்குது. இங்க நீ செத்துக் கெடந்தாலும் எனக்கு யார் சொல்லுவா? இந்த அடுப்பா சொல்லும்?” அவள் சன்னலைத் திறந்து, “லோரிஸ், பெட்டிய எடுத்துக்க! மொதல்ல கீழ இருக்கற வால்வ மூடு!” என்று கத்தினாள்.

“அஞ்சு நிமிசம்மா!” என்று கீழேயிருந்து குரல் வந்தது.

சன்னலை மூடிவிட்டுத் திரும்பியபோது அவள் கண் காலியான தட்டில் விழுந்தது.

“படத்த ஏன் அங்க மாத்தினே?”

ஒனோரியோ சொன்னார். சென்ற மூன்று மாதங்களில் அவ்வளவு நீளமாக அவர் எதையும் சொன்னதில்லை. எலிவாலைச் சொன்னார், பனிப்பையைச் சொன்னார், நான்கு கண்ணாடி மணிகளைச் சொன்னார். சொல்கையில் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. ஆலையில் எத்தனை பலகை அறுத்தோம் என்று மேலாளருக்குச் சொல்பவர் போல் சொன்னார். நீவெஸ் எழுந்து பின்னல் துணியின் அருகே போனாள்.

“எது?”

“நாலாவது.”

அவள் நான்காம் பூவை இரு விரல்களுக்கிடையே பிடித்தாள். நாத்தனாரும் தம்பி மனைவியுமாக நாற்பது ஆண்டுகள் ஒருத்தியை ஒருத்தி ஏசியே வாழ்ந்தவர்கள் அவர்கள். அடக்கத்தன்று நீவெஸ்தான் எல்லாவற்றையும் நின்று நடத்தினாள், பூக்காரனிடம் சண்டை போட்டாள், அழவில்லை. இப்போது பூவைப் பிடித்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். “கள்ளி” என்றாள். “யாருகிட்டயும் சொல்லாம… கள்ளி.” தோள்கள் குலுங்கின. விரல்களை அவள் எடுக்கவில்லை.

ஒனோரியோ அவள் முதுகைப் பார்த்தார். பிறகு அடுப்பைப் பார்த்தார். சுடர் தணியத் தொடங்கியிருந்தது. கண்ணாடியின் பாதிக்கு வந்தது, கால்வாசிக்கு வந்தது, மூன்று விரல் உயரத்துக்கு வந்து படுத்தது. அவர் முழங்காலில் அடித்துக்கொண்டிருந்த காற்று நின்றது.

“அக்கா, கைய எடு.”

அவள் காதில் விழவில்லை.

“கைய எடுன்னா! எனக்குக் குளிருது.”

நீவெஸ் திரும்பினாள். முகம் நனைந்திருந்தது. இத்தனை நாள்களில் எனக்குப் பசிக்கிறது என்றோ, தூக்கம் வருகிறது என்றோ, எனக்கு இன்னது வேண்டும் என்றோ தம்பி ஒருமுறைகூடச் சொன்னதில்லை என்பதை அவள் கணக்கிட்டுக்கொண்டு நின்றாளோ என்னவோ, மற்றக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கையைப் பின்னுக்கு இழுத்துக் கோட்டின் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“நான் வரல” என்றார் ஒனோரியோ.

“இங்க ஒக்காந்து என்னடா பண்ணுவே?”

“தெரியல.”

“போன் அடிச்சா எடுப்பியா?”

“எடுப்பேன்.”

“எடுத்துப் பேசணும். மூச்சு விட்டா மட்டும் போதாது.”

“சரி.”

கீழேயிருந்து இரும்பு இரும்பில் தட்டுகிற ஓசை எழுந்தது. நீவெஸ் பாய்ந்துபோய்ச் சன்னலைத் திறந்தாள்.

“லோரிஸ்! வால்வ விடு! தொறந்தே இருக்கட்டும்!”

“என்னம்மா வெளையாடறியா? இப்பத்தான் மூடினேன்!”

“மூடினதத் தொற!”

“அப்ப எதுக்கு என்ன ஞாயித்துக்கெழமையும் அதுவுமா இந்தப் பனில இழுத்துட்டு வந்தே?”

நீவெஸ் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். ஒனோரியோ பெல்லட் தொட்டியின் மூடியைத் தூக்கி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். அடியில் இரண்டு விரல் ஆழமே இருந்தது.

“கொட்டகைல எவ்வளவு இருக்கு?” என்று அவள் கேட்டாள்.

“நெறைய இருக்கு. மேல கொண்டாரணும்.”

“மூட்ட தூக்க!” என்று அவள் சன்னலுக்கு வெளியே கத்தினாள். “மாமாவுக்கு மூட்ட தூக்கறதுக்குத்தான்டா! ஆறு கொண்டா!”

அவர் மகிழ்ச்சியடைந்தார் என்று சொல்ல முடியாது. தொட்டியின் மூடியைப் பிடித்தபடி, மருமகனுடைய கனத்த காலடிகள் படிகளில் ஏறி வருவதைக் கேட்டுக்கொண்டு நின்றார். நீவெஸ் ஒருவழியாகக் கோட்டைக் கழற்றி நாற்காலியின் முதுகில் போட்டாள். காப்பிப் பாத்திரத்தைத் தேடி அலமாரிகளைத் திறக்கலானாள். லோரிஸ் முதல் மூட்டையைத் தோளிலிருந்து இறக்கி, “கத்தி எங்க மாமா?” என்றான். ஒனோரியோ எடுத்துக் கொடுத்தார்.